லைன் கட்டாகிவிட்டது

எக்ஸ்போர்ட் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் கேட்ட கேள்வியை மேனேஜர் வாட்ஸப்பில் எனக்குத் தள்ளிவிட்டார். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச்சு பாதியில் நின்றுபோனால், அல்லது மாதக்கணக்கில் பதிலே இல்லாமல் போனால், ஆங்கிலத்தில் மரியாதை கெடாமல் அதை எப்படித் திரும்பத் தொடங்குவது? ‘இந்த விஷயத்தில் சார்தான் ராஜா, அவரே எழுதட்டும்’ என்று வேறு கீழே சேர்த்திருக்கிறார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. வீட்டில் என்னை யாரும் எதிலும் ராஜா என்று ஒப்புக்கொள்வதில்லை. அதனால் படித்தவுடன் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விஷயத்தில் நான் செய்த ஒரு காரியம் மேனேஜருக்குத் தெரியாது.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். விருதுநகரில் பி.காம் முடித்துவிட்டு சிவகாசியில் இந்த அச்சகத்தின் எக்ஸ்போர்ட் மேசைக்கு நான் வந்தபோது எனக்கு மேலே ஒருவர் இருந்தார். மெலிந்த மனிதர், கடுங்காப்பிப் பிரியர், போன் மணி அடித்தால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பார். அவர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். பேச்சு நின்றுபோனால் சொல்லவேண்டிய வாக்கியங்கள் அதில் இருந்தன. நாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா? நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள், நான் குறுக்கே பேசிவிட்டேன். நேற்று லைன் கட்டாகிவிட்டது, மன்னிக்கவும். சில நாட்களாக உங்களிடமிருந்து தகவல் இல்லை, நலமென்று நம்புகிறேன். எல்லாம் நல்ல ஆங்கிலத்தில், கையெழுத்தும் அச்சடித்தது போல.

முதல் வாரத்தில் ஒரு ஜெர்மன்காரர் பேச்சை நிறுத்தியதும் நான் பதறிப்போய் “ஆர் யூ தேர்? ஆர் யூ தேர்?” என்று கத்தினேன். போனை வைத்தபிறகு என் சீனியர் சொன்னார்: “கெணத்துக்குள்ள விழுந்தவனக் கூப்புடுற மாதிரி கூப்புடாதய்யா. மனசுக்குள்ள மூணு எண்ணு. அதுக்கப்புறம் சீட்டுல இருக்கிறதுல ஒண்ண எடுத்து விடு. சும்மா இருக்கிற நேரத்த எவன் மொதல்ல உடைக்கிறானோ அவன்தான் யாவாரத்த நடத்துறவன்.”

அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். மூன்று எண்ணுவேன், வாக்கியத்தை விடுவேன். சீனியர் ஓய்வு பெற்றபோது அந்தச் சீட்டும் என் மேசைக்கு வந்தது. கொஞ்ச வருடத்தில் எந்த நாட்டுக்காரர் எந்த இடத்தில் நிறுத்தினாலும் என்னால் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க முடிந்தது. முதலாளி விருந்தாளிகளிடம் என்னைக் காட்டி, “நம்ம ஆளு இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சா வெள்ளக்காரனே மூச்சு விட மறந்துருவான்” என்பார். நான் தலையைக் குனிந்து சிரிப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருப்பேன்.

அந்தச் சீட்டில் உள்ள வாக்கியங்கள் இன்றும் செல்லும். உங்கள் போனே இதைவிட நயமாக எழுதித் தரும். எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றாவது வாக்கியத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு சிறிய கம்பெனி. குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்கள் நம்மிடம் அடிப்பார்கள். கிரஹாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் கம்பெனி. காலண்டர் சீசன் முடிந்து, தை பிறந்ததும் அவருடைய ஆர்டர் வரும். சிவகாசியில் அச்சுத் தொழிலுக்குத் தை முதல் ஆனி வரை வறட்சிதான் என்பது உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் நம் பைண்டிங் செக்‌ஷனில் இருபத்தைந்து பெண்கள் வேலையில் நின்றதே இந்த ஒரு லோடால்தான்.

கிரஹாம் போனில் வந்தால் முதல் கேள்வி, “சிவகாசியில் மழை பெய்ததா?” நான் “இல்லை” என்பேன். “இங்கே நிற்கவில்லை, கொஞ்சம் அனுப்பட்டுமா?” என்பார். ஒன்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில், இருவருக்கும் சலிக்கவில்லை. ஏதாவது முடிவு கேட்டால், “தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன்” என்பார். பின்னாலிருந்து ஒரு பெண் சிரிப்பது கேட்கும். அந்த அம்மாள்தான் அட்டைப் படங்களைப் பார்ப்பது. ஒருமுறை ஒரு கிளிக்கு வால் குட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். உண்மைதான். தலைப்புக்கு இடம் வேண்டும் என்று நம் ஆர்ட்டிஸ்ட் வாலை நறுக்கியிருந்தார். “அந்தம்மாவுக்கு இருக்கிற கண்ணு நம்ம புரூப் பாக்கிறவனுக்கு இல்லியேய்யா” என்று முதலாளி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பைண்டிங் செக்‌ஷனுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவள் செல்வி. முப்பது வயதிருக்கும். எம். புதுப்பட்டிப் பக்கம் வீடு. ஊரில் பாதிப் பேரைப்போல அவளும் பட்டாசு கம்பெனியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்த தங்கை ஒருநாள் மருந்து தீப்பிடித்துக் கை, கழுத்தெல்லாம் வெந்து ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்ததும் செல்வி இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள், இனி பட்டாசு கம்பெனி வாசலை மிதிப்பதில்லை என்று. அதற்குப் பிறகு நம்மிடம் வந்தவள். புத்தகம் மடிப்பதில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை.

அந்த வருடம் தை பாதி போயும் ஆர்டர் உறுதியாகவில்லை. அட்டை மாதிரிகளை அனுப்பி ஒரு மாதமாகியிருந்தது. முதலாளி பேப்பர் இறக்கி வைத்துவிட்டார். ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு, “போடுய்யா போன, நான் பக்கத்துல நிக்கேன்” என்று என் மேசையருகில் வந்து நின்றுகொண்டார். செல்வியும் ஏதோ கேட்க வந்தவள் கதவோரம் நின்றாள்.

கிரஹாம் எடுத்தார். மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அட்டை மாதிரிகள் வந்ததா என்று கேட்டேன். அவர் மெதுவாக, தெளிவாகச் சொன்னார்: “என் மனைவி இறந்து மூன்று வாரமாகிறது. படங்களை அவள்தானே பார்ப்பாள். நீங்கள் அனுப்பிய மாதிரிகள் அவள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.”

அதற்குமேல் அவர் பேசவில்லை.

ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லவேண்டாம். மூன்று எண்ணினேன். சீட்டில் இதற்கு வாக்கியம் இல்லை. ‘ஐ ஆம் ஸாரி’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ‘ஸாரி’யை நான் லேட்டான கன்டெய்னருக்கும் ஒட்டாத ஸ்டிக்கருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்தேன். ஒரு சாவுக்கு அதை எடுத்துக் கொடுக்க நாக்கு கூசியது. இந்தப் பக்கம் முதலாளி புருவத்தை உயர்த்தி, “என்னவாம்?” என்று கையால் கேட்டார். நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு கடிகாரம் ஓடுவதுபோல ஏதோ கேட்டது. பிறகு ரிசீவரைக் கீழே வைத்துவிட்டேன்.

சாவு நடந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகும் நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வருகிறவரை வாங்க என்று சொல்லமாட்டார்கள். போகிறவரும் கையைத் தொட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார். சொல்லிக்கொண்டு வந்தால் இன்னொரு துட்டிக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். என் கை அந்தப் பழக்கத்தில்தான் போனை வைத்தது என்று பல நாள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் கொஞ்சம்தான். மீதியெல்லாம் பயம். இங்கிலீஷில் ராஜா என்று பெயர் வாங்கியவன் முதலாளி முன்னால் வாயடைத்து நிற்கிறேனே என்ற பயம்.

“என்னய்யா ஆச்சு?” என்றார் முதலாளி.

“லைன் கட்டாயிருச்சு மொதலாளி” என்றேன்.

“அட, திருப்பிப் போடு.”

“போக மாட்டேங்குது. நான் மெயில் போட்டுர்றேன்.”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு என்ன தடை? ஒன்றுமில்லை. ‘அந்தம்மா தவறிட்டாக மொதலாளி’ என்ற மூன்று வார்த்தைகளைத் தமிழில், என் தாய்மொழியில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, ‘நீ என்ன சொன்ன?’ என்று வரும். ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எல்லாம் நடந்தது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து மெயில் எழுதினேன். சீட்டின் மூன்றாவது வாக்கியத்தில் தொடங்கினேன். இன்று பேசிக்கொண்டிருக்கும்போது லைன் கட்டாகிவிட்டது, மன்னிக்கவும். விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அட்டை மாதிரிகளைப் பற்றி உங்கள் முடிவை இந்த வாரத்துக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அவர் சொன்னது என் காதில் விழவே இல்லை என்கிற மாதிரி எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்து, ‘உதவியாக’ என்பதற்கு இன்னும் மரியாதையான ஒரு சொல்லைப் போட்டேன். அனுப்பினேன்.

அந்த மெயிலை இன்றும் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து, ‘மென்மையான நினைவூட்டல்’ என்று தலைப்புப் போட்டு ஒன்று அனுப்பினேன். பிறகு நலமென்று நம்புகிறேன் என்று ஒன்று. மனைவியை அடக்கம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு நலமென்று நம்புகிறேன் என்று எழுதியவன் நான். அதற்கும் பதில் இல்லை.

மாசியில் மதுரையிலிருந்து ஒரு நோட்டு வியாபாரி வந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நோட்டு அடித்து, மடித்து, தைத்துத் தரவேண்டும். பெரிய வேலை. முதலாளி அவரை உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“வெள்ளக்காரரு என்னதான் சொல்றாரு? அவரு லோடு வருமா வராதா? வராதுன்னா இத எடுத்துக்கிடுவேன். ரெண்டுக்கும் மிசின் பத்தாது.”

வேலையில் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். கேட்கிறவர் உங்கள் பதிலை நம்பி ஒரு காரியத்தைச் செய்யப்போகிறார். உங்களிடம் உண்மை இருக்கிறது, ஆனால் அதை எடுத்தால் கூடவே உங்கள் அசிங்கமும் வெளியே வரும். எனக்கு மறுபடியும் மூன்று எண்ணும் நேரம் கிடைத்தது.

“வந்துரும் மொதலாளி. ஒம்போது வருசப் பழக்கம், எங்க போயிரப் போறாரு” என்றேன்.

மதுரைக்காரர் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்.

பங்குனியில் பைண்டிங் செக்‌ஷனை நிறுத்தினார்கள். ஆடியில் காலண்டர் வேலை தொடங்கும்போது சொல்லி அனுப்புகிறோம் என்று பெண்களை அனுப்பிவைத்தார்கள். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு, “ஒரு வார்த்த வராதுன்னு சொல்லிருக்கலாம் அந்தாளு. புத்தியக் காட்டிட்டானே” என்று கிரஹாமைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

செல்வி டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். மற்றவர்கள் வாசலில் வேனுக்கு நின்றார்கள்.

“அண்ணாச்சி, லோடு இனி வராதுல்ல?”

“தெரியலை தாயி.”

“வராதுன்னா சொல்லிருங்க. நான் புதுப்பட்டில பட்டாசுக்குப் போகணும். ரெண்டு புள்ளைக இருக்கு, தங்கச்சிக்கு மருந்து மாத்திர இருக்கு. ஆடி வரைக்கும் எங்கன உக்கார?”

“சத்தியம் பண்ணியிருக்கியே.”

“ஆமா” என்றாள். “ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

அவள் அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் மாதம் எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிற முகத்தோடு நின்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அந்தம்மாள் இறந்தது, நான் போனை வைத்தது, லைன் கட்டாகிவிட்டது என்று முதலாளியிடமும் கிரஹாமிடமும் பொய் சொன்னது, எல்லாம். கடைசியில், “துட்டி வீட்டுல சொல்லிக்காமத்தான வருவோம், அந்தப் பழக்கத்துல வச்சுட்டேன் செல்வி” என்றேன்.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“துட்டிக்குப் போனவுகதான் அண்ணாச்சி சொல்லாம வரணும்” என்றாள். “நீங்க போகவே இல்லியே.”

வேன் ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கிரஹாமுக்கு எழுதினேன். சீட்டில் இருந்த ஒரு வாக்கியமும் உதவவில்லை. காலையில் தொடங்கியது மாலை வரை இழுத்தது. நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது என்று முதல் வரி எழுதினேன். லைன் கட்டாகவில்லை, நான்தான் போனை வைத்தேன் என்று இரண்டாவது வரி. எங்கள் ஊரில் இறப்பு வீட்டுக்குப் போனால் எப்படி உட்காருவோம், எப்படிச் சொல்லாமல் கிளம்புவோம் என்று எழுதினேன். ஆனால் நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன், உண்மையில் எனக்குப் பயம், அதற்குப் பிறகு அனுப்பிய மெயில்கள் எல்லாம் அந்தப் பயம் எழுதியவை என்று எழுதினேன். ‘ஆர்டருக்காக இதை எழுதவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அழித்தேன். எழுதும்போதே ஆர்டர் வந்துவிடாதா என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடிதம் போயிற்று. முதலாளியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவரிடம் ஒப்புக்கொள்வது சுலபம், பக்கத்து அறையில் இருப்பவரிடம்தான் கால் வராது.

சித்திரையில் ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு அந்த வெடிச்சத்தம் கேட்டது. சிவகாசியில் வேலை பார்க்கிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போய்ப் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். புதுப்பட்டிப் பக்கம் மாதிரி தெரிந்தது. நான் பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு நினைவில்லை. கண் எரிந்தது, ரோடு சரியாகத் தெரியவில்லை.

செல்வி ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நம் பைண்டிங் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் முழங்கை வரை அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக மின்னியது.

“எங்க கம்பெனி இல்லண்ணாச்சி, அதுக்கு அங்கிட்டு. ஆளில்லாத ஷெட்டாம். யாருக்கும் ஒண்ணுமில்லேன்னு சொல்லுதாக. எங்களையும் வெளிய அனுப்பிட்டாக” என்றாள்.

நான் பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன்.

“அந்த வெள்ளக்காரருக்கு லெட்டர் போட்டீகளா?”

“போட்டேன்.”

“பதிலு?”

“இல்லை.”

“மொதலாளிகிட்டச் சொல்லிட்டீகளா?”

நான் பைக் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பொடி போகவில்லை.

நேராக அச்சகத்துக்கு வந்து முதலாளி அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கிளி வாலப் பாத்த அம்மாவா?” என்றார்.

“ஆமா.”

“அன்னைக்கே சொல்லிருந்தா நானே துட்டி கேட்டு எழுதச் சொல்லிருப்பேனே. ஆர்டர் கெடக்கு.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “மதுரைக்காரன் நோட்டு வேலைய விட்டேன் பாரு, ஒன் வாக்க நம்பி. அந்தப் புள்ளைக ஆனி வரைக்கும் இங்கன உக்காந்து தச்சிருக்கும்” என்றார். அவ்வளவுதான். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. பேச்சு நின்றதால் யாருக்கும் கெடுதல் வந்துவிடாது. அது ஏன் நின்றது என்பதை மறைத்துவிட்டு மரியாதையாகத் தொடங்குகிறீர்களே, அப்போதுதான் வருகிறது. என் பொய்க்கு இருபத்தைந்து பெண்கள் மூன்று மாதம் போய் நின்ற இடம் எப்படிப்பட்ட இடம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். அவர்கள் முழுசாகத் திரும்பி வந்தார்கள். அதில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை.

கிரஹாமின் பதில் வைகாசியில் வந்தது. சின்னப் பதில். நான் போனை வைத்ததற்கு அவருக்குக் கோபமே இல்லையாம். உங்களால் பேச முடியவில்லை என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தார். எல்லோரும் சீக்கிரமாக ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள், நீங்கள் ஒருவர்தான் எதுவும் சொல்லவில்லை, நீங்கள் வைத்தபிறகும் நான் வெகுநேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது நன்றாக இருந்தது. அடுத்த வரி: ‘அதற்குப் பிறகு உங்கள் மெயில் வந்தது.’ இந்த வருடம் புத்தகம் இல்லை என்று முடித்திருந்தார்.

அதாவது, நான் வெட்கப்பட்டு மறைத்த அந்த மௌனம் ஒன்றுதான் நான் அவருக்குச் செய்த நல்லது. பெருமையாகச் செய்த காரியம்தான் அவரை அறைந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வேலையில் இருபத்தேழு வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆடியில் செல்வி திரும்ப வந்தாள். வருவதற்கு முன்னால் இருக்கன்குடிக்குப் போய் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். “ஒங்களுக்கும் சேத்துத்தான் கேட்டேன்” என்றாள், சிரிக்காமல்.

அடுத்த தை மாதம். ஒரு மதியம் மேசைப் போன் அடித்தது. முதலாளி ஏதோ பைலோடு எதிரில் நின்றிருந்தார். எடுத்தேன்.

“சிவகாசியில் மழை பெய்ததா?” என்றது கிரஹாமின் குரல்.

துண்டுச் சீட்டு என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது. தொடங்கவேண்டியவன் நான். அவர் தொடங்கிவிட்டார்.

“இல்லை” என்றேன்.

இந்தமுறை அவர் மழை அனுப்பட்டுமா என்று கேட்கவில்லை. பேச்சு நின்றது. மூன்று எண்ணினேன். எண்ணிக்கையை விட்டுவிட்டேன். பிறகு, துட்டி வீட்டில் உட்கார்ந்தபின் நாம் கேட்கிற கேள்வியை, ஒரு வருடம் தாமதமாக, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவங்களுக்கு என்ன செஞ்சது?

அவர் சொன்னார். என்ன நோய், எப்போது தெரிந்தது, கடைசி வாரம் அட்டை மாதிரிகளைப் படுக்கைக்கு எடுத்து வரச் சொன்னது, எந்தப் படத்தைத் தள்ளி வைத்தது. ஒன்பது வருடத்தில் எனக்குத் தெரியாத அந்தம்மாளின் பெயரையும் அன்றுதான் சொன்னார். அரைமணி நேரம் இருக்கும். முதலாளிக்கு ஆங்கிலம் அவ்வளவு புரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு பைலை மூடி வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆர்டரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

முடித்துவிட்டு கிரஹாம் சொன்னார்: “கிளம்பும்போது சொல்லிக்கொள்ளமாட்டோம் என்று எழுதியிருந்தீர்களே. இப்போது அப்படியே வைத்துவிடுங்கள்.”

நான் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரைக் கீழே வைத்தேன்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். “என்னய்யா, லைன் கட்டாயிருச்சா?”

“இல்ல மொதலாளி” என்றேன். “நான்தான் வச்சேன்.”